பொட்டாஸும் பெரெஸும்: முதல் ஆளுக்குப் பின்னால் ஓடியவர்கள்

சிங்கப்பூர் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் நடக்கும் மரினா பே தடத்தில் மெர்சிடிஸ் காரில் வால்டேரி பொட்டாஸ் பிடித்த இடங்கள் 3, 4, 5. அதே தடத்தில் ரெட் புல் காரில் செர்ஜியோ பெரெஸ் பிடித்தவை 1, 8, 10. முன்னவர் 2017 முதல் 2019 வரை, பின்னவர் 2022 முதல் 2024 வரை. நடுவில் இரண்டு ஆண்டு கோவிட் காரணமாகச் சிங்கப்பூரில் பந்தயமே இல்லை. ஓர் அணிக்கு இரண்டு கார்; பட்டத்துக்கு ஓடுபவர் முதல் ஆள், அவருக்குத் துணையாக ஓடுபவர் இரண்டாம் ஓட்டுநர், இருவரின் புள்ளியும் சேர்ந்தது அணியின் கணக்கு. பொட்டாஸும் பெரெஸும் ஒரே பருவத்தில் இரண்டாம் ஓட்டுநர்களாக எதிரும் புதிருமாக நின்றது 2021இல் மட்டும்தான். அந்த ஆண்டை நம் தெருக்கள் தவறவிட்டுவிட்டன.

ஆறே எண்கள்தான், ஆனால் இருவரையும் அடையாளம் காட்டப் போதும். ஒருவர் முதல் மூவருக்கான மேடைக்கு அருகிலேயே நிற்பார், மேடை உச்சியில் நிற்க மாட்டார். இன்னொருவர் ஒருநாள் எல்லாரையும் தோற்கடிப்பார், மறு ஆண்டு ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

பந்தய வாரம் நெருங்கி, எஸ்பிளனேட் பக்கம் தடுப்புச் சுவர்கள் எழுந்து, பேருந்துகள் வழி மாறத் தொடங்கிவிட்டால், தேக்காவில் தேத்தண்ணி குடிக்கிற கூட்டத்தில்கூட இந்தப் பேச்சு ஒருமுறையாவது வந்துவிடும்: “பெரெஸை ஏன் அத்தனை நாள் வைத்திருந்தார்கள்? பொட்டாஸை ஏன் அனுப்பினார்கள்?” இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டாம் ஓட்டுநரிடம் அணி எதிர்பார்ப்பது ஒரு வேலை அல்ல, இரண்டு. ஆண்டு முழுக்கப் புள்ளி சேர்ப்பது ஒன்று. என்றோ ஒரு நாள், முதல் ஆளுக்கு ஆபத்து வரும் அந்தச் சில நிமிடங்களில், குறுக்கே நிற்பது மற்றொன்று. பொட்டாஸ் முதல் வேலையில் கெட்டிக்காரர். பெரெஸ் இரண்டாவதில்.

புள்ளிக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிய விவாதம் இல்லை. 2017 முதல் 2021 வரை ஐந்து பருவங்களில் மெர்சிடிஸின் முதல் ஆள் லூயிஸ் ஹேமில்டன் எடுத்தது 1,918.5 புள்ளி, பொட்டாஸ் 1,327. 2021 முதல் 2024 வரை நான்கு பருவங்களில் ரெட் புல்லின் முதல் ஆள் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 1,861.5, பெரெஸ் 932. ஹேமில்டன் நூறு எடுத்தால் பொட்டாஸ் 69 எடுத்தார். வெர்ஸ்டாப்பன் நூறு எடுத்தால் பெரெஸ் 50 எடுத்தார். வெற்றிகளிலும் இதே கதைதான். ஹேமில்டனுக்கு 50, பொட்டாஸுக்கு 10. வெர்ஸ்டாப்பனுக்கு 53, பெரெஸுக்கு 5. பெரெஸின் ஆறாவது வெற்றி, சொல்லப்போனால் அவருடைய முதல் வெற்றி, ரெட் புல்லுக்கு வருமுன் கிடைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெர்ஸ்டாப்பன் ஹேமில்டனைவிட வேகமானவர், அதனால்தான் பெரெஸின் விகிதம் குறைவு என்று வாதிடலாம். 2023இல் அது ஓரளவு உண்மை. அந்த ஆண்டு வெர்ஸ்டாப்பன் தனியாக எடுத்த 575 புள்ளியே, இரண்டாம் இடம் பிடித்த மெர்சிடிஸின் இரண்டு கார்களும் சேர்ந்து எடுத்த 409ஐவிட அதிகம். அப்படியொரு ஆண்டில் இரண்டாம் ஓட்டுநர் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் அணிக்குப் பட்டம் வந்திருக்கும். ஆனால் 2024இல் நிலைமை தலைகீழ். வெர்ஸ்டாப்பன் 437 புள்ளியுடன் உலகப் பட்டம் வென்றார், அணியோ மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. மெக்லாரன் 666, ஃபெராரி 652, ரெட் புல் 589. பெரெஸின் பங்கு 152. பொட்டாஸ் காட்டிய அந்த 69 விகிதத்தில் எடுத்திருந்தால் அது 300ஐத் தொட்டிருக்கும், அணிப் பட்டம் கைவிட்டுப் போயிருக்காது. அந்த ஆண்டு மரினா பேயில் வெர்ஸ்டாப்பன் இரண்டாவதாக வந்தார், பெரெஸ் பத்தாவது, ஒரே ஒரு புள்ளி. அதே இரவில் மெக்லாரன் முதல் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் எடுத்துக்கொண்டு 40 புள்ளியோடு கிளம்பியது.

வெளியே தெரியாத வேலை

தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு இரண்டாம் ஓட்டுநர் என்றால் வழிவிடுபவர், அவ்வளவுதான். டயர் மாற்றக் கார்கள் உள்ளே வரும் நேரத்தில்தான் அவருடைய உண்மையான மதிப்பு தெரியும். முன்னால் ஓடுகிற கார் டயர் மாற்றப் போனால் இருபது வினாடிக்கு மேல் இழக்கும். அப்படி இழந்து திரும்பும்போது, எதிரணியின் இரண்டாம் கார் அந்த இருபது வினாடிக்குள் இருந்தால், அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் யாரும் இல்லையென்றால் அது இலவசமாகக் கிடைத்த டயர் மாற்றம். எதிராளிக்கு அந்த இலவசத்தைக் கொடுக்காமல் இருப்பதற்கு இரண்டாம் கார் வேகமாக ஓட வேண்டும் என்றுகூட இல்லை, அருகில் இருந்தால் போதும்.

2021 மே மாதம் பார்சிலோனாவில் நடந்ததைப் பாருங்கள், இருவரையும் ஒரே படத்தில் பார்க்க அதைவிட நல்ல பந்தயம் கிடையாது. முதல் வளைவில் வெர்ஸ்டாப்பன் ஹேமில்டனைத் தாண்டி முன்னிலை பிடித்தார். மெர்சிடிஸ் 42ஆம் சுற்றில் ஹேமில்டனை இரண்டாம் முறை டயர் மாற்ற அழைத்தது. இருபது வினாடிக்கு மேல் பின்தங்குவார் என்று தெரிந்தே செய்தார்கள். காரணம், பெரெஸ் அந்த இடைவெளிக்குள் இல்லை. தகுதிச் சுற்றில் சறுக்கி எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்டவர் எங்கோ பின்னால் இருந்தார். புதிய டயருடன் ஹேமில்டன் துரத்தி வந்து 60ஆம் சுற்றில் வெர்ஸ்டாப்பனைத் தாண்டினார். ரெட் புல் ஒரு பந்தயத்தை இழந்தது, பெரெஸ் செய்த எதனாலும் அல்ல, அவர் அங்கே இல்லாததால்.

அதே துரத்தலில் பொட்டாஸ் என்ன செய்தார்? ஹேமில்டனைத் தடுக்காதே என்று அணி வானொலியில் சொல்லியும், அவர் கதவை அகலத் திறந்துவிடவில்லை. ஹேமில்டன் தானாக முந்திப் போக வேண்டியிருந்தது, கொஞ்சம் நேரமும் போனது. பொட்டாஸைப் பணிவான பிள்ளை என்று நினைப்பவர்கள் அந்த வளைவை மறந்துவிடுகிறார்கள்.

மறப்பதற்கும் காரணம் உண்டு. அதற்கு முன் அவர் விட்டுக்கொடுத்தவை அவ்வளவு. 2018இல் ஹங்கேரிப் பந்தயத்துக்குப் பின் அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் அவரை அருமையான துணைவீரர் என்ற பொருளில் பாராட்டினார். அந்தப் பாராட்டு வலித்தது என்று பொட்டாஸே சொன்னார். இரண்டு மாதம் கழித்து ரஷ்யாவின் சோச்சியில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டு முன்னணியில் இருந்தவரை ஹேமில்டனுக்கு வழிவிடச் சொன்னார்கள், விட்டார். அந்தப் பருவத்தில் அவருக்கு ஒரு வெற்றிகூட இல்லை. இத்தனைக்கும் முந்தைய ஆண்டு ஹங்கேரியில் ஹேமில்டன், தனக்குக் கொடுத்த இடத்தைக் கடைசி வளைவில் பொட்டாஸுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார், அதுவும் தான் பட்டத்துக்குப் போராடிக்கொண்டிருந்த ஆண்டில். இப்படி ஒரு கடனை அடைப்பது இந்த விளையாட்டில் அபூர்வம்.

சிங்கப்பூரில் பொட்டாஸுக்கு நடந்தது சின்ன விஷயம், ஆனால் எனக்கு சோச்சியைவிட அதுதான் உறுத்துகிறது. 2019. ஃபெராரி முந்திக்கொண்டு டயர் மாற்றியது. மெர்சிடிஸ் ஹேமில்டனைப் பழைய டயரோடு நெடுநேரம் வெளியே ஓடவிட்டது. கணக்கு தப்பிப்போனது. பொட்டாஸ் முன்பே டயர் மாற்றிவிட்டதால், ஹேமில்டன் உள்ளே வந்து திரும்பும்போது பொட்டாஸ்தான் முன்னால் போயிருப்பார். அப்போது பொட்டாஸிடம் அணி வேகத்தைக் குறைக்கச் சொன்னது. குறைத்தார். பின்னாலிருந்த ஆல்பனின் ரெட் புல்லும் சேர்ந்து அடைபட்டது. ஹேமில்டன் அவருக்குச் சற்று முன்னால் வெளியே வந்து நான்காவதாக முடித்தார், பொட்டாஸ் ஐந்தாவது.

நான்காம் இடத்துக்கு 12 புள்ளி, ஐந்தாம் இடத்துக்கு 10. அந்த ஆண்டு ஹேமில்டன் பட்டம் வென்றது பொட்டாஸைவிட 87 புள்ளி அதிகம் பெற்று. இரண்டு புள்ளிக்காக ஓர் ஆளை நம் தெருக்களில் மெதுவாக ஓட்டவைத்தார்கள். தேவைப்பட்டுக் கேட்பது வேறு, பழக்கத்தில் கேட்பது வேறு. மெர்சிடிஸ் அன்று பழக்கத்தில் கேட்டது.

இரண்டாம் ஓட்டுநரின் வேலை எவ்வளவு தூரம் கெட்டுப்போக முடியும் என்பதற்கும் நம் ஊர்தான் சாட்சி. 2008இல் இங்கே நடந்த முதல் இரவுப் பந்தயத்தில் ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதினார். அதனால் வந்த சேஃப்டி கார் (விபத்து நேரத்தில் முன்னால் ஓடி எல்லாக் கார்களையும் மெதுவாக்கும் கார்) அவருடைய அணித் தோழர் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கு வெற்றியைக் கொடுத்தது. மறு ஆண்டுதான் விஷயம் வெளியே வந்தது. அணித் தலைவர் ஃபிளாவியோ பிரியடோரேவுக்கு ஆயுள் தடை விதித்தார்கள், பிறகு பாரிஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதோடு ஒப்பிட்டால் பொட்டாஸுக்கு இட்ட கட்டளை ஒன்றுமே இல்லை என்பதும் சரிதான்.

ஒரு பந்தயம், இரண்டு தலைவிதி

2020 டிசம்பர், பஹ்ரைனின் சாகிர். ஹேமில்டனுக்குக் கோவிட். அவர் காரில் வில்லியம்ஸ் அணியின் ஜார்ஜ் ரசலை உட்கார வைத்தார்கள். பொட்டாஸுக்கு இது நல்ல சந்தர்ப்பமாக இருந்திருக்க வேண்டும், முதல் இடத்திலிருந்து புறப்பட்டதும் அவர்தான். முதல் வளைவு வருவதற்குள் ரசல் தாண்டிவிட்டார். பந்தயம் முழுக்க அந்தப் பையன் முன்னால், அனுபவசாலி பின்னால். பிறகு சேஃப்டி கார் வந்தபோது மெர்சிடிஸ் இரண்டு கார்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே அழைத்தது. டயர்கள் மாறிப்போயின. பொட்டாஸுக்கு உரிய டயர்கள் ரசலின் காரில் ஏறிவிட, பொட்டாஸைப் பழைய டயரோடே திருப்பி அனுப்பினார்கள். அவர் எட்டாவதாக முடித்தார். ரசல் டயர் பஞ்சராகி ஒன்பதாவது.

வென்றவர் பெரெஸ். முதல் சுற்றிலேயே சுழன்று கடைசி இடத்துக்குப் போனவர். அப்போது ரேசிங் பாயின்ட் அணியில் இருந்தார், மறு ஆண்டுக்கு அவர் இருக்கையை செபாஸ்டியன் வெட்டலுக்குக் கொடுத்தாகிவிட்டது, கையில் வேலை இல்லை. பத்து ஆண்டு ஓட்டிய பிறகு அதுதான் முதல் வெற்றி. இரண்டு வாரத்துக்குள் ரெட் புல் அவரை எடுத்தது. ரசலுக்கு அந்த ஓட்டம் 2022இல் மெர்சிடிஸ் இருக்கையாகத் திரும்பி வந்தது, பொட்டாஸின் இருக்கை. ஒரே இரவில் ஒருவருக்குக் கதவு திறந்து, இன்னொருவருக்கு மெல்லச் சாத்தத் தொடங்கியது.

பொட்டாஸுக்கு அந்தக் கதவு எப்போதுமே முழுதாகத் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெர்சிடிஸ் அவரை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் வந்தால் அடுத்த ஆண்டு இருப்பாரா மாட்டாரா என்ற பேச்சு. பெரெஸுக்கு நேர்மாறாக நடந்தது. 2022இல் மொனாகோவை வென்ற கையோடு 2024 வரை நீட்டிப்பு. 2024 ஜூனில், ஓட்டம் சரியத் தொடங்கியபிறகு, 2026 வரை இன்னொரு நீட்டிப்பு. அதே டிசம்பரில் பேசித் தீர்த்து அனுப்பினார்கள். நிம்மதியைக் கொடுத்தால் நன்றாக ஓடுவார் என்று நினைத்திருக்கலாம். ஓடவில்லை.

சரி, பெரெஸ் எங்கே நன்றாக ஓடினார்? ரெட் புல்லில் அவர் வென்ற ஐந்து பந்தயங்களைப் பாருங்கள்: பாக்கு, மொனாகோ, சிங்கப்பூர், ஜெட்டா, மறுபடி பாக்கு. ஐந்தும் தெருத் தடங்கள். பக்கத்தில் சுவர், மெதுவான வளைவு, வெளியேறும்போது பின்சக்கரம் வழுக்காமல் காரை உந்தும் பக்குவம், டயரைத் தேயாமல் பேணும் பொறுமை. அவர் பிழைப்பே அதுதான். அகன்ற, வேகமான தடங்களில் காரின் மூக்கு கத்திபோல் திரும்ப வேண்டும், பின்பகுதி கொஞ்சம் ஆடினாலும் பயப்படக் கூடாது. வெர்ஸ்டாப்பனுக்கு அந்தக் கார்தான் வேண்டும். 2023இல் முதல் நான்கு பந்தயங்களில் இருவருக்கும் இரண்டிரண்டு வெற்றி. ஐந்தாவது மயாமி. பெரெஸ் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார், வெர்ஸ்டாப்பன் ஒன்பதாவது இடத்திலிருந்து. வென்றது வெர்ஸ்டாப்பன். அதன்பிறகு பெரெஸ் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. கார் வளர வளர அவருக்கு அந்நியமாகிக்கொண்டே போனது, ஆனால் மனசு உடைந்தது மயாமியில்தான் என்று நினைக்கிறேன்.

2022 அக்டோபர் 2ஆம் தேதி மரினா பேயில் அவர் ஓட்டியதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தச் சரிவு நம்பக் கஷ்டமாக இருந்திருக்கும். மழையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். தண்ணீர் காயாத தெரு. இரண்டாம் இடத்திலிருந்து கிளம்பி முதல் வளைவிலேயே ஃபெராரி ஓட்டுநர் லெக்லேரைத் தாண்டினார். பிறகு இரண்டு மணி நேரம் அந்த ஃபெராரியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சேஃப்டி காருக்குப் பின்னால் அதிக இடைவெளி விட்டார் என்று விசாரணை வேறு. ஐந்து வினாடி தண்டனை வரலாம், அதற்கு மேல் முன்னிலை எடுத்துக்கொள் என்று அணி சொன்னது. 7.595 வினாடி எடுத்தார். தண்டனை வந்தது, வெற்றி நின்றது. அன்று வெர்ஸ்டாப்பன் எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்டு ஏழாவதாக முடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் ஆள் கண்ணில் படாத தூரத்தில் இருந்தால்தான் இரண்டாம் ஆளுக்குக் கை கால் வரும். பொட்டாஸின் வெற்றிகளிலும் பல அப்படித்தான்.

அபுதாபியில் இரண்டு சுற்று

இதுவரை படித்தால் பொட்டாஸ் பக்கமே தராசு சாயும். 2021 கணக்கு அதை இன்னும் உறுதியாக்கும். ஹேமில்டன் வெர்ஸ்டாப்பனைவிட 8 புள்ளி குறைவு. ஆனால் பொட்டாஸ் பெரெஸைவிட 36 புள்ளி அதிகம், 226க்கு 190. அணிப் பட்டத்தை மெர்சிடிஸ் 28 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அதாவது அந்த ஆண்டு மெர்சிடிஸுக்குக் கிடைத்த ஒரே பட்டத்தை வாங்கிக் கொடுத்தது பொட்டாஸ். இதை யாரும் அவர் கணக்கில் எழுதுவதில்லை. (ஹங்கேரியில் முதல் வளைவில் பிரேக் தவறி இரண்டு ரெட் புல்லையும் ஒரே அடியில் குலைத்ததும் அவர்தான். அது விபத்து, தண்டனையும் வாங்கினார்.)

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரரை யாரும் பார்ப்பதில்லை, அவர் நிறுத்தினால்தான் எல்லாருக்கும் தெரியும். பொட்டாஸின் ஐந்து ஆண்டுகளும் அப்படித்தான், ஐந்து ஆண்டும் அணிப் பட்டம் மெர்சிடிஸுக்கே.

ஆனால் 2021இன் கடைசிப் பந்தயத்தில், ஹேமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சம புள்ளியோடு வந்த அபுதாபியில், பொட்டாஸைக் காணோம். ஆறாவதாகப் புறப்பட்டு ஆறாவதாக முடித்தார். பெரெஸ் முதல் டயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு பழைய டயரோடு முன்னால் காத்திருந்தார். புதிய டயரில் ஹேமில்டன் வந்தார். தாண்டினார், பெரெஸ் அடுத்த வளைவில் உள்பக்கம் நுழைந்து திருப்பி வாங்கினார். மறுபடி தாண்டினார், மறுபடி வாங்கினார். தேய்ந்த டயரில், மோதாமல், விதி மீறாமல். ஹேமில்டன் கடைசியில் தப்பிப் போனபோது, பல வினாடி பின்னால் இருந்த வெர்ஸ்டாப்பன் ஒன்றரை வினாடிக்குள் வந்திருந்தார். செக்கோ (பெரெஸின் செல்லப்பெயர்) ஒரு ஜாம்பவான் என்று வெர்ஸ்டாப்பன் வானொலியில் சொன்னது அந்த நிமிடத்தில்தான்.

அதன் பலன் பிறகுதான் தெரிந்தது. ஹேமில்டனுக்கு அந்தப் பழைய இடைவெளி இருந்திருந்தால் பின்னர் சேஃப்டி கார் வந்தபோது டயர் மாற்றிக்கொண்டு முன்னாலேயே திரும்பியிருக்க வாய்ப்பிருந்தது. இல்லாததால் பழைய டயரோடு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. வெர்ஸ்டாப்பன் தாண்டிப் பட்டம் வென்ற அந்தக் கடைசிச் சுற்றுக்காகப் பந்தய நிர்வாகம் எடுத்த முடிவைப் பற்றி உலகம் இன்னும் சண்டை போடுகிறது, போடட்டும். ஹேமில்டன் அந்த நிலைக்கு வந்ததில் பெரெஸின் இரண்டு சுற்றுக்குப் பங்கு உண்டு.

அதற்கு வெர்ஸ்டாப்பன் என்ன திருப்பிக் கொடுத்தார் என்றால், அடுத்த ஆண்டு பிரேசில். பட்டம் தன் கையில் வந்துவிட்டது, பெரெஸ் புள்ளிப் பட்டியலின் இரண்டாம் இடத்துக்கு லெக்லேரோடு போராடுகிறார், ஆறாம் இடத்தை விட்டுக்கொடு என்று அணி கேட்டது. மாட்டேன் என்றார், எனக்குக் காரணம் இருக்கிறது, மறுபடி கேட்காதீர்கள் என்றார். பெரெஸ் அந்தப் பருவத்தை மூன்று புள்ளி குறைவாக, மூன்றாவதாக முடித்தார். ஹங்கேரியில் ஹேமில்டன் செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஓர் அணி இருந்தால் பொட்டாஸைத்தான் எடுப்பேன். பருவத்துக்கு இருபதுக்கு மேல் பந்தயம், அபுதாபி போன்ற இரவு பத்தாண்டுக்கு ஒருமுறை. ஆனாலும் பெரெஸைக் கிழித்துத் தோரணம் கட்டியவர்கள் 2025க்குப் பிறகு வாயைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டார்கள். அவர் இடத்தில் வந்த லியம் லாசன் இரண்டே பந்தயத்தில் மாற்றப்பட்டார். அடுத்து வந்த யூக்கி சுனோடா ரெட் புல்லில் எடுத்தது 30 புள்ளி. அந்த ஆண்டு வெர்ஸ்டாப்பன் பட்டத்தை இழந்தது லாண்டோ நோரிஸிடம், 423க்கு 421, இரண்டே புள்ளியில். கடைசிப் பந்தயம் மறுபடி அபுதாபி. சுனோடாவை நோரிஸுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். காரை இப்படியும் அப்படியும் வளைத்து ஓட்டினார், நோரிஸ் தாண்டிப் போனார், தண்டனை சுனோடாவுக்கு. நான்கு ஆண்டுக்கு முன் அதே தடத்தில் பெரெஸ் செய்தது எவ்வளவு கடினம் என்பது அன்றுதான் பலருக்கு உறைத்திருக்கும்.

2026க்குப் புதிதாக வந்த கேடிலாக் அணி இந்த இருவரையும் சேர்த்தே ஒப்பந்தம் செய்தது. பதினாறு வெற்றி, 106 மேடை, ஒரே கொட்டகையில் இரண்டு பழைய இரண்டாம் ஆட்கள். பதினோராவது அணி, முதல் ஆண்டு, ஃபெராரி எஞ்சின். வழிவிடு என்று சொல்லுமளவுக்கு முன்னால் ஓடப்போவதில்லை, அதனால் யார் முதல் ஆள் என்பதை ஒப்பந்தத் தாள் சொல்லாது, கடிகாரம்தான் சொல்லும். அக்டோபரில் மரினா பேக்கு வரும்போது தகுதிச் சுற்றில் பொட்டாஸ் முன்னால் இருப்பார் என்பது என் ஊகம். மழை பெய்தால் பெரெஸ்.